நீளமான வாக்கியங்கள்

நம் பள்ளித் தோழிகள் குழுவில் தினமும் காலை ஏழு மணிக்கு ஓர் ஆங்கில மரபுத்தொடர் வந்துவிடுகிறது. மேலே ஒரு ரோஜாப்பூ, நடுவில் மரபுத்தொடர், கீழே தமிழில் பொருள். போடுகிறவள் நம்மில் அதிகம் படித்தவள். பேரப்பிள்ளைகளுக்கு உதவும் என்று போடுகிறாள். நீங்கள் எல்லோரும் கைகூப்புகிறீர்கள், கட்டைவிரல் காட்டுகிறீர்கள். நான் மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுகிறேன். போன வாரம் ஒருத்தி, "இவ குரூப்புல இருக்காளா, இல்ல போய்ச் சேந்துட்டாளா?" என்று கேட்டிருந்தாள். இருக்கிறேன். வகுப்பிலும் இப்படித்தான் கடைசி பெஞ்சில் இருந்தேன்.

நேற்று வந்தது 'அண்டர் ஒன் ரூஃப்'. ஒரே கூரையின் கீழ், ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்வது என்று பொருள் போட்டிருந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டு பார்த்தேன். தி.நகரில் இறங்கி, கடைக்குப் போய், மூன்றாவது மாடியில் பட்டுப்புடவைகளை விரித்து மடித்து, மதியச் சாப்பாட்டு நேரம் வரும்வரை அது என்னை விடவில்லை. இப்போது எங்களுக்கு உட்கார ஸ்டூல் கொடுத்திருக்கிறார்கள். இருபத்தாறு வருடம் நின்ற கால், உட்கார்ந்தாலும் நிற்பதுபோலவே வலிக்கிறது. அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான், இதை உங்களுக்கு எழுதிவிடலாம் என்று தோன்றியது. பேச எனக்கு வராது. எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடை அது. "ஆறாவதுக்கு நான் இங்க வர மாட்டேன், இங்கிலீஷ் ஸ்கூலுக்குப் போறேன்" என்று உங்களிடம் சொல்லிவிட்டு, ஜூன் மாதம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன். ஏன் என்று நீங்கள் கேட்டீர்கள். வயிற்றுவலி என்று என்னவோ சொன்னேன். அந்தப் பதிலுக்கு நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அப்போது நாங்கள் மந்தைவெளிப் பக்கம் கால்வாய்க் கரையில் இருந்தோம். அப்பா கொத்து வேலைக்காரர். எந்த ஊரில் கட்டடமோ அங்கேயே தங்கிவிடுவார். அம்மா அபிராமபுரத்தில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, தரை துடைத்தாள். அந்த வீட்டு அம்மாளை நாங்கள் மாமி என்போம். மாமிக்கு ஒரே மகள். எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். மாமியின் கணவர் ஏதோ கம்பெனியில் பெரிய வேலையில் இருந்தார். வாசலில் கார் நிற்கும். காரைத்தான் பார்த்திருக்கிறேன், அவரை இரண்டு முறைதான் பார்த்திருப்பேன்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. மாடிப்படிக்கு அடியில் பழைய பேப்பர்க்காரருக்காகக் குவித்து வைத்திருப்பதில் அம்மா எதையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். மற்றது எதுவானாலும், ஒரு கொத்துக் கறிவேப்பிலை என்றாலும், கேட்டுத்தான் எடுக்க வேண்டும். மாமி இதை ஒருமுறைகூட வாயால் சொன்னதில்லை. அம்மா ஒருமுறைகூட மீறியதில்லை.

பள்ளி மூடியதும் அந்தக் குவியலில் மகளின் நோட்டுகள் வந்து விழும். முக்கால்வாசி எழுதியிருக்கும், கால்வாசி வெறுந்தாளாக இருக்கும். அம்மா அவற்றை இடுப்பில் கட்டித் தூக்கி வருவாள். எழுதாத தாள்களை மட்டும் பதமாகப் பிரித்து அடுக்கி, கோணி ஊசியில் சணல் கோத்து, நடுவில் மூன்று தையல் போடுவாள். அதுதான் எனக்கு அடுத்த வருடத்து நோட்டு. ஒரு நோட்டுக்குள் கோடு போட்ட தாளும் கட்டம் போட்ட தாளும் நான்கு கோட்டுத் தாளும் கலந்து வரும். கணக்கு டீச்சர் திட்டும்போது நீங்கள் சிரித்திருக்கிறீர்கள். ஆனால் அந்தத் தாள் வழவழப்பானது. நம் கடை நோட்டில் மை ஊறும், அதில் ஊறாது. முகர்ந்தால் புதுச் செருப்புப் பெட்டியைத் திறந்ததுபோல் ஒரு வாசனை வரும்.

எழுதிய தாள்கள் அடுப்பு மூட்டப் போகும். அந்த வருடம் அதில் ஒரு கட்டு மட்டும் நான் எடுத்து ஒளித்து வைத்துக்கொண்டேன். எழுத்து அவ்வளவு அழகாக இருந்தது. நீல மை, சாய்வான கூட்டெழுத்து இல்லாமல் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக, நான்கூடப் படிக்கும்படி. ஒவ்வொரு பக்கத்திலும் வரிசையாக எண் போட்டு, முதலில் ஒரு சின்னத் தொடர், அதற்கு நேராக அதன் பொருள் இங்கிலீஷிலேயே, அதன் கீழே ஒரு நீளமான வாக்கியம். நீளமான வாக்கியத்துக்குப் பக்கத்தில் எல்லாம் சிவப்பு மையில் டிக். பக்கத்தின் கடைசியில் 'குட்' என்று எழுதிக் கையெழுத்து.

அவை மரபுத்தொடர்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. இங்கிலீஷ் என்று மட்டும் தெரியும்.

அந்த நேரத்தில்தான் மாமி அம்மாவிடம் அதைச் சொன்னாள். "என் நாத்தனார் மே மாசம் ஊர்லேர்ந்து வரா. இங்க ஒரு கான்வென்ட்டுல ஹெட்மிஸ்ட்ரஸா சேரப் போறா. உன் பொண்ணு நன்னா படிக்கிறாங்கறியே, அவகிட்டச் சொல்லி ஆறாவதுல ஒரு சீட் கேட்டுப் பாக்கறேன். ஃபீஸ் நான் பாத்துக்கறேன். ஆனா அவ கண்டிப்பு. குழந்தை நாலு வார்த்தை இங்கிலீஷ்ல பேசணும்."

அம்மா வீட்டுக்கு ஓட்டமாக வந்தாள். "நாலு வார்த்த பேசணுமாம்டி" என்றாள். நான் ஒளித்து வைத்திருந்த தாள்களைக் காட்டினேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் கடையில் கத்திரிக்காயைப் பார்ப்பதுபோல ஒவ்வொரு பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தச் செவப்பு இன்னா?"

"டீச்சர் டிக் போட்டுக்கிறாங்க. சரின்னு அர்த்தம்."

"இந்தச் சின்னச் சின்னதுக்கு டிக்கு இல்லியே?"

"நீளமா கீறதுக்குத்தான் போட்டுக்கிறாங்க."

"அப்ப நீளமா கீறதப் படி. சின்னத எவ வேணா சொல்லிருவா."

இங்கிலீஷை நீளம் பார்த்துத் தேர்ந்தெடுத்தவள் என் அம்மா ஒருத்தியாகத்தான் இருப்பாள். ஆனால் அவளுக்குத் தெரிந்த உலகத்தில் அது சரிதான். நீளமான புடவை, நீளமான கூந்தல், நீளமான வண்டி.

வாய்விட்டுப் படிக்க எனக்கு உதவியவர் பக்கத்து வீட்டு ஆட்டோ மாமா. எட்டாவது வரை படித்தவர். சவாரியில் வெள்ளைக்காரர்களை ஏற்றி மகாபலிபுரம் வரை போயிருக்கிறேன் என்பார். ஆட்டோவின் பின் சீட்டில் என்னை உட்கார வைத்து, எழுத்துக்கூட்டி, வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். அம்மா வெளியே நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

"ப்ளூ மூன்னா இன்னா நைனா?" என்பாள்.

"நீல நிலா."

"நெலா எங்க நீலமா கீது?"

"நம்மூர்ல கெடையாதுக்கா. அவங்க ஊர்ல கீது. குளிருல்ல."

'ஒயிட் எலிஃபன்ட்' வந்தபோது வெள்ளை யானை என்றார். அம்மா, "அந்த ஊட்ல ஆன ஏது? காருதான் நிக்கிது" என்றாள். "அவுங்க தாத்தா காலத்துல இருந்துருக்கும்" என்று ஆட்டோ மாமா முடித்து வைத்தார்.

ஒரு மாதத்தில் நான்கு வாக்கியங்களை மனப்பாடம் செய்தேன். இருந்ததிலேயே நீளமான நான்கு. தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்கும்போது குடத்துக்குள் வாயை வைத்துச் சொல்லிப் பார்ப்பேன். குடத்துக்குள் சொன்னால் என் குரல்கூடக் கம்பீரமாக இருக்கும். இன்றைக்கும் அந்த நான்கும் ஒரு சொல் பிசகாமல் எனக்கு வரும்.

நாத்தனார் வந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னைத் தலை குளிப்பாட்டி, எண்ணெய் வைத்து, இரட்டைப் பின்னல் போட்டு, மாமி மகளின் பழைய பாவாடையைக் கட்டிவிட்டாள். இடுப்பில் பெரிதாக இருந்ததால் ஊக்கு குத்தியிருந்தாள். வழி முழுக்க அது குத்திக்கொண்டே வந்தது.

அந்த வீட்டுக் கூடத்துக்குள் நான் அதற்குமுன் நுழைந்ததில்லை. பின்வாசலோடு சரி. தரை சிவப்பாக, அம்மா துடைத்த தரை, முகம் தெரியும்படி இருந்தது. நாத்தனார் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கதர்ப் புடவை, மூக்குக்கண்ணாடி. மாமி காபி டம்ளரோடு நின்றாள். மகள் மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்து ஏதோ பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தாள். அம்மா சமையலறை வாசலில், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பயப்படாதே. உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லு" என்றார் நாத்தனார். நல்ல குரல்தான்.

நான் கையைக் கட்டிக்கொண்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அன்று எனக்கே தெரியாத பொருளையும் சேர்த்து இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

"மை ஃபாதர் கம்ஸ் ஹோம் ஃபார் டின்னர் ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்." என் அப்பா இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவது எப்போதோ ஒருநாள்தான்.

நாத்தனார் சிரித்தார். "பேஷ், நன்னா சொல்றதே" என்றார். அம்மாவின் வளையல் நிலையில் உரசிய சத்தம் கேட்டது.

"தி கார் பாட் பை மை ஃபாதர் இஸ் எ ஒயிட் எலிஃபன்ட்." என் அப்பா வாங்கிய கார் வீண் செலவு வைக்கும் பொருள்.

மூன்றாவதுதான் இருப்பதிலேயே நீளம். மூச்சை இழுத்துக்கொண்டேன். "மை ஃபாதர் அண்ட் மதர் லிவ் அண்டர் ஒன் ரூஃப் பட் தே ஹேவ் பீன் அட் டாகர்ஸ் டிரான் சின்ஸ் தீபாவளி." என் அப்பாவும் அம்மாவும் இருப்பது ஒரே கூரையின் கீழ்தான், ஆனால் தீபாவளியிலிருந்து தீராப் பகையாக இருக்கிறார்கள்.

படிக்கட்டில் பத்திரிகை புரளும் சத்தம் நின்றுபோயிருந்தது. நான் நிமிரவில்லை. நிறுத்தினால் மறந்துவிடும் என்று கடைசியையும் சொல்லி முடித்தேன். "வென் மை ஆன்ட் கம்ஸ், தே ஸ்மைல் அண்ட் கீப் அப் அப்பியரன்சஸ்." அத்தை வரும்போது மட்டும் சிரித்துப் பேசி, எல்லாம் சரியாக இருப்பதுபோல் காட்டிக்கொள்கிறார்கள்.

அந்த அத்தைதான் சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

முடித்துவிட்டு நிமிர்ந்தேன். யாரும் கை தட்டவில்லை. நாத்தனார் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். மாமியைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். மாமி கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைக்க இடம் தேடுவதுபோலச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். மேஜை பக்கத்திலேயே இருந்தது.

மகளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்துப்போய், தலையை மிகச் சிறிதாக இப்படியும் அப்படியும் ஆட்டினாள். வேண்டாம் என்பதுபோல. நான்தான் முடித்துவிட்டேனே, இனி என்ன வேண்டாம் என்று எனக்குப் புரியவில்லை.

"நீங்க கெளம்புங்கோ" என்றாள் மாமி.

மறுநாள் அம்மா வழக்கம்போல ஆறு மணிக்குப் போனாள். நானும் சீட்டைப் பற்றிக் கேட்கலாம் என்று கூடவே போனேன். பின்கதவு திறக்கவில்லை. கொஞ்சநேரம் கழித்து மாமியே வந்து, கதவைப் பாதி திறந்து, அம்மாவின் அந்த மாதச் சம்பளத்தை ஒரு காகிதத்தில் மடித்து நீட்டினாள். கண் வீங்கியிருந்தது.

"நாளைலேர்ந்து வர வேண்டாம்."

"இன்னாம்மா ஆச்சி? நான் இன்னா பண்ணேன்?"

"உனக்கே தெரியும்."

"சத்தியமா தெரியாதும்மா. எதுனா காணாமப் போச்சா?"

"ஒண்ணும் காணாமப் போகலை. உன்னை நம்பி வீட்டுக்குள்ள விட்டேன், அவ்வளவுதான்."

அதற்குமேல் மாமி சொல்லவில்லை. சொன்னால் அந்த விஷயத்தை அவள் வாயாலேயே சொல்ல வேண்டிவரும். வேலைக்காரி வீட்டு விஷயத்தை ஊரெல்லாம் பேசி, தன் மகளுக்கும் சொல்லிக்கொடுத்து, வேண்டுமென்றே நாத்தனார் முன்னால் சொல்லவைத்தாள் என்று மாமி நினைத்துவிட்டாள். நான் மாமியாக இருந்திருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். தீபாவளியிலிருந்து என்பதுவரை வெளியே தெரிகிறது என்றால், வீட்டுக்குள் புழங்குகிறவளைத் தவிர வேறு யாரைச் சந்தேகப்படுவாள்? மகள் எழுதியிருப்பாள் என்று எந்தத் தாய்க்குத் தோன்றும்?

நான்கு நாள் கழித்து அந்த மகள் கால்வாய்க் கரைக்கு வந்தாள். அந்த வீட்டு ஆட்கள் யாரும் எங்கள் பக்கம் வந்ததில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, சேற்றில் செருப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். அம்மா வேறு வீட்டு வேலை தேடிப் போயிருந்தாள். வந்தவள் கையில் எங்களுடைய தூக்குவாளி இருந்தது, அம்மா அங்கேயே விட்டுவந்தது. அதை என்னிடம் கொடுத்துவிட்டு, "அந்தத் தாளெல்லாம் இருக்கா?" என்று கேட்டாள்.

தாள்கள் என் முதுகுக்குப் பின்னால், வீட்டுக்குள் பாயின் அடியில் இருந்தன. இருக்கிறது என்றால் வாங்கிக்கொண்டு போய்விடுவாள். அவ்வளவு நல்ல எழுத்து, அவ்வளவு சிவப்பு டிக். என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.

"அடுப்புல போட்டாச்சி" என்றேன்.

அவள் மூச்சு விட்டாள். அழுகையை அடக்கியதுபோல மூக்கை உறிஞ்சினாள். "எங்கம்மாகிட்ட நான் எழுதினதுன்னு சொல்லிடாதே. ப்ளீஸ்" என்றாள். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

அந்தத் தாளைக் கொண்டுபோய் மாமியிடம் காட்டியிருந்தால் அம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைத்திருக்கும். சீட்கூடக் கிடைத்திருக்கலாம். பத்து வயதில் இதெல்லாம் எனக்குக் கோர்வையாகத் தெரியவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். ஏதோ ஒன்று தெரிந்துதான் இருந்தது. அவள் தலையை ஆட்டியது கண்ணிலேயே நின்றது. மாமியின் பாதி திறந்த கதவை நினைத்தால் என் வாய் கட்டிப்போனது. யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேச எனக்கு வராது, அதுவும் ஒரு காரணம். எது பெரிய காரணம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அம்மா தனக்குத் தானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டாள். இரண்டே வாரத்தில் அது உறுதியாகிவிட்டது. குழாயடியில், ரேஷன் கடையில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த வீடுகளில் எல்லாம் சொன்னாள்.

"பாத்திரம் தேக்கிறவ பொண்ணு அவங்க பொண்ண விட நல்லா இங்கிலீஷ் பேசிட்சி. அத்தத் தாங்க முடில. மூஞ்சி செத்துப்போச்சி. மறுநாளே கணக்கு முடிச்சி அனுப்பிட்டாங்க."

கேட்டவர்கள் என்னைப் பார்ப்பார்கள். அம்மா என் முதுகில் கை வைப்பாள். வேலை போனதை இவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன ஒருத்தியை நான் பார்த்ததில்லை.

பொருள் எனக்குத் தெரிந்தது ஒன்பதாவதில். நம் இங்கிலீஷ் டீச்சர் ஒரு மதியம் ஐம்பது மரபுத்தொடர்களைப் பலகையில் எழுதிப் போட்டார், தமிழில் பொருளோடு. கை வலிக்கிறது என்று நீங்கள் எல்லோரும் முனகினீர்கள். நான் ஏழாவது தொடரிலேயே எழுதுவதை நிறுத்திவிட்டேன். ஏழாவது 'அட் டாகர்ஸ் டிரான்'. டீச்சர் பாதியில் நின்ற என் நோட்டைப் பார்த்து வெளியே நிற்க வைத்தார். வராந்தாவில் நின்றுகொண்டு அந்த நான்கு வாக்கியங்களையும் ஒவ்வொன்றாக மனதுக்குள் தமிழில் சொல்லிப் பார்த்தேன்.

அன்று எனக்கு மாமியின் மேலோ அவள் மகளின் மேலோ கோபம் வரவில்லை. அந்த 'குட்' போட்ட டீச்சரைத்தான் நினைத்துக்கொண்டேன். ஒரு பெண் தன் வீட்டில் நடப்பதை எண் போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள். அவர் இலக்கணம் சரியா என்று மட்டும் பார்த்து டிக் போட்டிருக்கிறார்.

அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று அன்று வீட்டுக்குப் போனேன். அம்மா வாசலில் யாரிடமோ அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "தோ, அவளே வர்றா" என்றாள். நான் உள்ளே போய்ச் சோறு போட்டுச் சாப்பிட்டேன். அதன்பிறகு ஒருநாளும் சொல்லவில்லை.

தாள்கள் இப்போது என்னிடம் இல்லை. கால்வாய்க் கரையைக் காலி செய்து எங்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு அனுப்பியபோது, லாரியில் ஏற்ற அரைமணி நேரம்தான் கொடுத்தார்கள். அம்மா தையல் போட்ட நோட்டுகள், தூக்குவாளி, இந்தத் தாள்கள் எல்லாம் ஒரே மூட்டை. அந்த மூட்டை மட்டும் வந்து சேரவில்லை.

அம்மா இரண்டு வருடத்துக்கு முன்பு போய்ச் சேர்ந்தாள். கடைசியில் பதினோரு நாள் பெரியாஸ்பத்திரியில் இருந்தாள். கடையில் லீவு சொல்லிவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் மதியம் சின்ன வயது நர்ஸ் ஒருத்தி சொட்டு மருந்து மாற்ற வந்தாள். பக்கத்துக் கட்டிலில் டாக்டரிடம் இங்கிலீஷில் பேசிவிட்டு வந்ததை அம்மா கவனித்திருக்கிறாள்.

"எம் பொண்ணும் பேசும்" என்றாள் அம்மா. குரல் தேய்ந்து போயிருந்தது. "சொல்லுடி. அந்த ஊட்ல சொன்னியே, அத்தச் சொல்லு."

"இப்ப எதுக்கும்மா."

"சொல்லுடின்னா. கூச்சப்பட்டுகினே கெழவியாயிட்ட."

நர்ஸ் சிரித்தபடி காத்திருந்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். நான்கையும் சொன்னேன். அப்பா சாப்பாட்டுக்கு வருவது எப்போதோ ஒருநாள். கார் வெள்ளை யானை. ஒரே கூரையின் கீழ் இருந்தும் பகை. அத்தை வரும்போது மட்டும் சிரிப்பு.

நிமிர்ந்தபோது நர்ஸின் சிரிப்பு போயிருந்தது. என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னாம்மா, தப்பு கீதா?" என்றாள் அம்மா.

"இல்ல ஆயா. ஒரு தப்பும் இல்ல. சூப்பரா சொல்றாங்க."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நர்ஸ் போகும்போது என் பக்கம் குனிந்து, தோளைத் தொட்டு, "உங்க அப்பா கடைசி வரைக்கும் அப்படியேதான் இருந்தாராக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

பாவம் அப்பா. வீட்டில் இருந்தால் அம்மாவோடு ஒருநாள்கூட அவர் பேசாமல் இருந்ததில்லை. ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன். அவள் போய்விட்டாள்.

"இன்னா கேட்டுச்சி அந்தப் பொண்ணு?" கண்ணைத் திறக்காமலே அம்மா கேட்டாள்.

"இவ்ளோ நல்லா எங்க கத்துகினீங்கன்னு கேக்குது."

அம்மாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது.

"ஆட்டோலன்னு சொன்னியா?" என்றாள்.